இடிபாட்டு ஜல்லியும் ஃபிளை ஆஷும் சேர்த்து முற்றத்துக்கு உறுதியான கான்கிரீட் இடுவது எப்படி?

பழைய கான்கிரீட்டை உடைத்துப் பெறும் ஜல்லியை எங்கே, எவ்வளவு சேர்க்கலாம் என்பதற்கு 2016-இல் திருத்தப்பட்ட ஐ.எஸ். 383 என்ற இந்தியத் தரநிர்ணயம் வரம்பு வகுத்திருக்கிறது. கம்பியில்லாத கான்கிரீட்டில் ஜல்லியின் அளவில் 25 சதவீதம் வரையிலும், கம்பி கட்டிய கான்கிரீட்டில் எம்25 தரம் (28-ஆம் நாளில் சதுர மி.மீ.-க்கு 25 நியூட்டன் அழுத்தம் தாங்குவது) வரை மட்டும் 20 சதவீதமும் சேர்க்கலாம். வீட்டளவில் முயல்பவர் தூண், பீம், கூரை ஆகியவற்றைப் பொறியாளரிடம் விட்டுவிட்டு, முற்றம், நடைபாதை போன்ற கம்பியில்லாத தளங்களோடு நிறுத்திக்கொள்வதே முறை. கீழே உள்ள அளவுகள் அத்தகைய எம்20 தளத்துக்கானவை.

முதலில் சாம்பல். மேட்டூர், தூத்துக்குடி போன்ற அனல்மின் நிலையங்களில் புகையிலிருந்து உலர்நிலையில் பிரித்தெடுக்கப்படும் ஃபிளை ஆஷ்தான் நமக்கு வேண்டும். நீரோடு கலந்து குளத்தில் தள்ளப்பட்ட சாம்பல் பருமனானது, சிமெண்டுக்கு ஈடாகாது. ஐ.எஸ். 3812-இன்படி, 45 மைக்ரான் சல்லடையில் தங்கும் அளவு 34 சதவீதத்தையும், எரியாமல் எஞ்சிய கரியைக் காட்டும் எரிப்பிழப்பு 5 சதவீதத்தையும் தாண்டக் கூடாது. அரிசி ஆலைக் கொதிகலனின் கறுத்த சாம்பலை இலவசமாகக் கிடைக்கிறதே என்று கொட்டுபவர்கள் உண்டு. அதிலுள்ள கரி நீரை உறிஞ்சிக் கலவையைக் கெடுத்துவிடும்.

சிமெண்ட் மூட்டையில் பி.பி.சி. (போஸலானா கலந்த சிமெண்ட்) என்று அச்சிட்டிருந்தால் ஆலையிலேயே 15 முதல் 35 சதவீதம் வரை ஃபிளை ஆஷ் சேர்ந்திருக்கிறது என்று பொருள். அதில் மேலும் சாம்பல் சேர்க்காதீர்கள். ஓ.பி.சி. எனப்படும் சாம்பல் கலக்காத சாதாரண சிமெண்ட் என்றால் 40 கிலோ சிமெண்டுக்கு 10 கிலோ ஃபிளை ஆஷ் என்ற அளவு போதும்.

அதிகக் கவனம் கேட்பது இடிபாட்டு ஜல்லிதான். கான்கிரீட் துண்டுகளை மட்டும் பொறுக்கி, செங்கல், மரம், ஓடு, குறிப்பாக ஜிப்சம் பூச்சு ஆகியவற்றை முற்றாக விலக்குங்கள். ஜிப்சத்தின் சல்பேட் பின்னாளில் கான்கிரீட்டை உப்பவைத்து வெடிக்கச் செய்யும். உடைத்த பின் 20 மி.மீ. சல்லடையில் சலித்து, தூசி போகக் கழுவ வேண்டும். இந்த ஜல்லியின் மேல் பழைய சாந்து ஒட்டியிருப்பதால் கருங்கல் ஜல்லியைவிடப் பலமடங்கு நீரை உறிஞ்சும். உலர்ந்த நிலையில் போட்டால் சிமெண்டுக்குரிய நீரை அது குடித்துவிட, கலவை இறுகுகிறதென்று கொத்தனார் கூடுதலாக ஊற்றுவார். பழி ஜல்லியின் மேல் விழும். ஆகவே முந்தைய நாள் இரவே ஊறவைத்து, காலையில் மேற்பரப்பு நீர் வடிந்து ஈரமாக மட்டும் இருக்கும்போது பயன்படுத்துங்கள்.

சிமெண்டும் சாம்பலும் சேர்ந்த 50 கிலோவுக்கு எம் சாண்ட் 83 கிலோ, கருங்கல் ஜல்லி 125 கிலோ, இடிபாட்டு ஜல்லி 42 கிலோ. கான்கிரீட்டுக்கான தரநிர்ணயமான ஐ.எஸ். 456 இந்தத் தரத்துக்கு அனுமதிக்கும் நீரின் உச்ச அளவு 30 லிட்டர். மணலில் உள்ள ஈரத்தையும் இதிலேயே கழித்துக்கொள்ள வேண்டும். கலவை இயந்திரத்தில் இருவகை ஜல்லியையும் மணலையும் பாதி நீரோடு ஒரு நிமிடம் சுற்றவிட்டு, பின் சிமெண்டையும் சாம்பலையும் போட்டு, மீதி நீரைச் சிறிது சிறிதாக ஊற்றி இரண்டு நிமிடம் கலக்குங்கள். இவ்வரிசையில் ஜல்லியின் நுண்துளைகளைச் சிமெண்ட் பால் மூடுவதால் பிடிப்பு கூடுகிறது. தளத்தை 100 மி.மீ. கனத்தில் இட்டு, நன்கு இறுக்கி, விரிசல் கண்டபடி ஓடாமலிருக்க 3 மீட்டருக்கு ஓர் இணைப்பு வெட்டு விடுங்கள்.

சிமெண்ட் நீரோடு வினைபுரியும்போது வெளிப்படும் சுண்ணாம்புடன் சாம்பலின் சிலிக்கா மெல்லச் சேர்ந்துதான் கூடுதல் பிணைப்பு உருவாகிறது. ஈரம் போனால் அந்த வினை நின்றுவிடும். அதனால்தான் சாம்பல் கலந்த கான்கிரீட்டுக்கு 10 நாளும், வறண்ட வெயிற்காலத்தில் 14 நாளும் ஈரம் காக்க ஐ.எஸ். 456 சொல்கிறது. பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள், அல்லது நனைந்த கோணிச்சாக்கால் மூடிவையுங்கள். ஏழாம் நாள் வலிமை சாதாரண கான்கிரீட்டைவிடக் குறைவாகவே இருக்கும். அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. 150 மி.மீ. கனசதுரங்கள் வார்த்து, 28-ஆம் நாள் அருகிலுள்ள பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் சோதித்துப் பாருங்கள். அதுவரை தளத்தின் மேல் கார் ஏற்ற வேண்டாம்.