பெங்களூரா, சென்னையா, சேலமா? ஏர்போர்ட் தேர்வில் தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் சறுக்கும் இடங்கள்

"பெங்களூர் 90 கிலோமீட்டர்தானே, பக்கம்தான்." கிருஷ்ணகிரியில் டிக்கெட் எடுப்பவர்கள் பலரும் சொல்வது இது. அந்த 90 நகரத்தோடு முடிந்துவிடுகிறது. நாம் தெற்கே அத்திப்பள்ளி வழியாக நுழைகிறோம். விமான நிலையமோ வடகோடியில், தேவனஹள்ளியில். கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 130, தருமபுரியிலிருந்து சுமார் 175 கிலோமீட்டர் வரும். 2008 மே வரை ஹெச்ஏஎல் பழைய ஏர்போர்ட் இருந்த காலத்துக் கணக்கைத்தான் பெரியவர்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

அதைவிடப் பெரிய தவறு, தூக்கம் கெடும் என்று அதிகாலை விமானத்தை ஒதுக்குவது. காலை 11.30 உள்நாட்டு விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். லக்கேஜ் கவுன்டர் பொதுவாக ஒரு மணி நேரம் முன்பே, 10.30-க்கு மூடிவிடும். வாசல் வரிசையையும் சேர்த்தால் 9.30-க்கு அங்கே இருக்க வேண்டும். வழியில் இருக்கும் சில்க் போர்டு, ஹெப்பாள் சந்திப்புகள் நெரியும் நேரம் அது. அத்திப்பள்ளியிலிருந்து மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். அப்படியானால் கிருஷ்ணகிரியில் 5.15-க்கும், தருமபுரியில் 4.30-க்கும் வண்டி ஏற வேண்டும். எப்படியும் தூக்கம் போச்சு. அதே பயணம் காலை 6 மணி விமானத்துக்கு என்றால் நள்ளிரவு 1 மணிக்குக் கிருஷ்ணகிரியை விட்டாலே போதும், சாலை காலியாக இருக்கும். டிசம்பர், ஜனவரியில் மட்டும் விடியற்காலைப் பனிமூட்டத்தால் விமானம் தாமதமாகலாம் என்பதை மனதில் வையுங்கள்.

பகலில்தான் போக வேண்டுமென்றால் ஓசூரிலிருந்து சர்ஜாபுரா, ஹொஸ்கோட்டே வழியாக நகரைச் சுற்றிப் போகலாம். இதில் ஒரு வேடிக்கை: ஓசூர் பக்கத்தில் ஒரு பாகலூர், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இன்னொரு பாகலூர். மேப்பில் வெறும் ஊர்ப்பெயரை அடித்தால் எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்ல முடியாது. டெர்மினல் பெயரையே அடியுங்கள். வெளிநாட்டு விமானங்கள் 2023 செப்டம்பரிலிருந்து டெர்மினல் 2-க்குப் போய்விட்டன. உள்நாட்டுக்கு டிக்கெட்டில் உள்ளதைப் பாருங்கள்.

டாக்ஸி பேசும்போது கர்நாடக பர்மிட், டோல், ரிட்டர்ன் வாடகை எல்லாம் சேர்த்துத்தானா என்று கேட்டு வாங்குங்கள். சொந்த உபயோகத்துக்கான வெள்ளை போர்டு காரை வாடகைக்கு எடுத்து, எல்லையில் நிறுத்தப்பட்டால் அபராதத்தோடு நேரமும் போகும், விமானம் காத்திருக்காது.

தருமபுரிக்கு உண்மையில் பக்கம் சேலம்தான். ஓமலூர் அருகே காமலாபுரம், சுமார் ஒரு மணி நேரம். ஆனால் அங்கே ஓடுவது சிறிய ஏடிஆர் விமானங்கள், எண்ணிக்கையும் குறைவு. ஒன்று ரத்தானால் அன்றைக்கு அவ்வளவுதான். தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்தால் அந்த ஒரு மணி நேரமும் பொய்யாகும். சேலத்திலிருந்து ஏறி, பெரிய ஏர்போர்ட்டில் மாறி துபாய் போக நினைத்து இரண்டு டிக்கெட்டைத் தனித்தனியாக எடுப்பதுதான் மோசம். வளைகுடா டிக்கெட்டில் 30 கிலோ இருக்கலாம். உள்நாட்டு டிக்கெட்டில் பொதுவாக 15 கிலோதான், மிச்சத்துக்குக் கிலோ கணக்கில் கட்ட வேண்டும். நடுவில் பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. இரண்டும் ஒரே பிஎன்ஆரில், அதாவது ஒரே முன்பதிவில் கிடைத்தால் மட்டும் எடுங்கள்.

சென்னை கிருஷ்ணகிரியிலிருந்து 260 கிலோமீட்டர் என்பதால் யாரும் பார்ப்பதில்லை. நேரடி விமானம் சென்னையில் மட்டும் இருந்தால், கூட வருபவர்கள் வயதானவர்கள் என்றால், ஐந்து மணி நேரச் சாலையே மேல். ஸ்ரீபெரும்புதூரில் குன்றத்தூர், பல்லாவரம் பக்கம் திரும்பினால் பூந்தமல்லி நெரிசல் இல்லை. காவிரிப் பிரச்சினையில் பந்த் அறிவித்தாலும் சென்னைதான் பாதுகாப்பு. 2023 செப்டம்பரில் தமிழகப் பேருந்துகள் ஓசூரோடு நின்றது நினைவிருக்கும். டிக்கெட் ஏற்கெனவே பெங்களூரில் என்றால் முதல் நாள் மாலையே எல்லையைத் தாண்டிவிடுங்கள்.

திரும்பும் கணக்கைப் பலர் போடுவதே இல்லை. பெங்களூரில் இரவு இறங்கினால், வாயு வஜ்ரா என்ற ஏர்போர்ட் பஸ்ஸில் நகர நடுவிலுள்ள மெஜஸ்டிக் பஸ் நிலையம் போக வேண்டியதில்லை. எலக்ட்ரானிக் சிட்டி பஸ்ஸில் ஏறி சில்க் போர்டில் இறங்குங்கள். ஓசூர் வழியாகப் போகும் சேலம், தருமபுரி பஸ்கள் அங்கேயே நிற்கும்.