ஆல்கஹாலுக்குள் கண்மை: ஒரு வேதியியல் சொல்லின் வேரைத் தேடுவது எப்படி?

வேதியியல் சொல் ஒன்று எங்கிருந்து வந்தது என்று தேட உட்காரும்போது, அது இன்று எதைக் குறிக்கிறது என்பதைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். ஆல்கஹாலையே எடுத்துக்கொள்வோம்.

முதலில் சொல்லைப் பிரியுங்கள். முன்னால் நிற்கும் 'அல்' அரபு மொழியில் பெயர்ச்சொல்லுக்கு முன் ஒட்டிவருவது, ஆங்கிலத்தில் 'தி' வருகிற மாதிரி. மீதி 'குஹ்ல்'. அது கண்ணில் தீட்டும் மை. நம் ஊர்க்காரர்கள் அஞ்சனக்கல் என்று சொன்ன ஆன்டிமனி சல்பைடை மாவாக அரைத்துச் செய்தது.

சரி, கண்மைக்கும் மதுவுக்கும் என்ன சம்பந்தம்? இந்த இடத்தில்தான் பலர் பொறுமையிழந்து சொந்தமாக ஒரு கதை கட்டிவிடுகிறார்கள், தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். ஆக்ஸ்ஃபோர்ட் ஆங்கில அகராதி போல, ஒவ்வொரு பொருளுக்கும் பழைய மேற்கோள்களை ஆண்டு வரிசையில் தருகிற அகராதியைத் திறந்து மேலிருந்து கீழே படியுங்கள். 16ஆம் நூற்றாண்டில் ஆல்கஹால் என்றால் மிக நுண்ணிய பொடி, மையாக இருக்கவேண்டும் என்றுகூட இல்லை. அப்புறம் அரைத்தோ வடித்தோ எடுத்த சாரம் எதற்கும் அந்தப் பெயர் பரவியது. சுவிஸ் மருத்துவரும் ரசவாதியுமான பாராசெல்சஸ் (1493–1541) திராட்சை மதுவின் சாரத்தை 'ஆல்கஹால் வினி' என்றார். பிற்பாடு 'வினி' உதிர்ந்துபோய் ஆல்கஹால் மட்டும் நின்றது.

அடுத்து, கையில் கிடைத்த 'அல்' விதியை வேறு சொற்களில் போட்டுப் பாருங்கள். ஆல்கலி, அதாவது காரம், சரியாக வருகிறது: 'அல்-கலி', செடிகளை எரித்த சாம்பல். ஆனால் அலுமினியம் இந்தக் குடும்பமே இல்லை, படிகாரத்துக்கான 'அலுமென்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஒலி ஒத்துப்போவதை மட்டும் நம்பினால் இப்படித்தான் வழுக்கும்.

19ஆம் நூற்றாண்டுச் சொல்லென்றால் வேரை ஊகிக்கவே வேண்டாம், உருவாக்கியவர் யார் என்று தேடுங்கள். ஆல்டிஹைடு என்ற சேர்ம வகைக்கான பெயர் 1835இல் ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் வைத்தது. ஹைட்ரஜன் நீக்கிய ஆல்கஹால் என்று பொருள்படும் 'ஆல்கஹால் டிஹைட்ரோஜனேட்டஸ்' என்ற லத்தீன் தொடரை வெட்டி ஒட்டியிருக்கிறார், அதனால் அந்த அரபு 'அல்' அதற்குள்ளும் உட்கார்ந்திருக்கிறது. மதுவில் இருக்கும் ஆல்கஹாலான எத்தனாலிலிருந்து இரண்டு ஹைட்ரஜன் அணுக்களை எடுத்தால் அசிட்டால்டிஹைடு என்ற ஆல்டிஹைடு. பெயரிலேயே செய்முறை இருக்கிறது.