வீட்டுக் கிறீம் தடிக்கவில்லையா? மெழுகை அள்ளிப் போடாதீர்கள்

வீட்டில் கிறீம் செய்யத் தொடங்குகிற எல்லோரும் முட்டுப்படுகிற இடம் ஒன்றுதான். கடைக் கிறீம் விரலில் எடுத்தால் அப்படியே நிற்கிறது, நாங்கள் செய்தது மட்டும் முழங்கை வரைக்கும் ஓடுகிறது. உடனே கை தேன்மெழுகுக்குப் போகும். இன்னொரு துண்டு, பிறகு இன்னொரு துண்டு. அடுத்த நாள் பார்த்தால் போத்தலுக்குள் கரண்டி இறங்காது, முகத்தில் பூசினால் இழுபடும், வெயிலில் வெளியே போனால் பிசுபிசுவென்று வழியும்.

இதில் முதல் பிழை, அடுப்பால் இறக்கின கையோடு பதம் பார்ப்பது. சூடாக இருக்கும்போது எந்தக் கிறீமும் பால் போலத்தான் இருக்கும். கூழ் ஆற ஆறத் தடிக்கிற மாதிரித்தான் இதுவும். உருகின மெழுகும் கொழுப்பும் ஆறித் திரும்ப இறுகினால்தான் உண்மையான பதம் தெரியும், அதற்கு ஒரு நாள், சிலவேளை இரண்டு நாள் எடுக்கும். அதுவரை மூடி வைத்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.

இரண்டாவது, குளிர்நாட்டுக்காரரின் செய்முறையை அப்படியே எடுத்துச் செய்வது. வீடியோவில் அவர் தேங்காயெண்ணெயைக் கரண்டியால் வெட்டி எடுத்து அடிப்பார், அது வெண்ணெய் மாதிரிப் பொங்கி நிற்கும். தேங்காயெண்ணெய் 24, 25 பாகை செல்சியஸிலேயே உருகிவிடும். எங்கள் ஊரில் தை மாதத்து விடியற்காலையில் போத்தலுக்குள் கொஞ்சம் மங்கி உறையப் பார்க்கும், அவ்வளவுதான். சித்திரை வெயிலில் அது எந்த நாளும் எண்ணெய்தான், அதை நம்பித் தடிப்பு எதிர்பார்த்தால் நடக்காது. கொக்கோ பட்டரும் 34 பாகையை அண்டி இளகத் தொடங்கும், மத்தியானத்தில் தகரக் கூரைக்குக் கீழே வைத்தால் அதுவும் கைவிட்டுவிடும். இங்கே நிற்கக்கூடியது என்றால் 49 பாகையளவில் உருகும் சீட்டைல் அல்கஹோல், 69 பாகையளவில் உருகும் ஸ்டியறிக் அசிட் என்ற கொழுப்பமிலம் மாதிரியானவை. அல்கஹோல் என்ற பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது வெள்ளைச் செதில் மாதிரியான ஒரு கொழுப்பு, தோலைக் காயவைக்காது.

அப்புறம், தேன்மெழுகு எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்துப் பிடிக்கும் என்ற நம்பிக்கை. தனியே பிடிக்காது. பழைய கோல்ட் கிறீம் முறையில் அதோடு வெண்காரம் (போராக்ஸ்) போட்டார்கள், அது மெழுகில் இருக்கிற அமிலத்தோடு சேர்ந்து சவர்க்காரம் போல ஒன்றை உண்டாக்கும், எண்ணெயையும் தண்ணீரையும் பிடித்து வைத்தது அதுதான். வெண்காரம் இல்லாமல் வெறும் மெழுகோடு அடித்தால் அன்றைக்குச் சேர்ந்தது போலத் தெரியும், நாலு நாளில் அடியில் தண்ணீர் பிரிந்து நிற்கும். இதற்கென்றே எமல்சிபையிங் வக்ஸ் என்று விற்கிறது. பக்கத்துக் கடையில் கிடைக்காவிட்டால் கொழும்பிலிருந்து எடுப்பிக்கலாம், வெளிநாட்டிலிருந்து லீவில் வருகிற சொந்தக்காரரிடம் சொல்லிவிடுகிறவர்களும் உண்டு.

அளவைக் கரண்டிக் கணக்கில் போடுவதை முதலில் விடுங்கள். செதிலாக இருக்கும் மெழுகு ஒரு கரண்டியும் தூளாக இருக்கும் மெழுகு ஒரு கரண்டியும் ஒரே நிறை இல்லை. ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்கினால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. 100 கிராம் கிறீமுக்குத் தண்ணீர் 70, கிளிசரின் 3, எண்ணெய் 18, எமல்சிபையிங் வக்ஸ் 5, சீட்டைல் அல்கஹோல் 3, கிருமி பிடிக்காமல் காக்கும் மருந்து 1. இது நடுத்தரத் தடிப்பு. இன்னும் வேண்டுமென்றால் சீட்டைல் அல்கஹோலை ஒரு கிராம் கூட்டி, தண்ணீரை ஒரு கிராம் குறையுங்கள். அடுத்த முறையும் ஒரு கிராம்தான், ஒரேயடியாக இல்லை.

சூட்டிலும் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். எண்ணெயும் மெழுகும் உருக்கின கிண்ணம் கொதிக்கக் கொதிக்க இருக்கும், மற்றக் கிண்ணத்தில் குழாயிலிருந்து பிடித்த பச்சைத் தண்ணீர். ஊற்றினதும் மெழுகு அப்படியே உறைந்து மணல் மணலாகத் திரளும், பிறகு எவ்வளவு அடித்தாலும் சரிவராது. இரண்டு கிண்ணங்களையும் சுடுதண்ணீர்ச் சட்டிக்குள் வைத்து இரண்டும் 70, 75 பாகைக்கு வந்தபிறகு சேர்க்க வேண்டும். கைப் பிளெண்டரின் தலை முழுக்க உள்ளே அமிழ்ந்திருக்கட்டும், மேலே தூக்கித் தூக்கி அடித்தால் காற்றுத்தான் ஏறும். காற்று ஏறின கிறீம் போத்தல் நிறையத் தெரியும், ஒரு கிழமையில் அமர்ந்து போகும். சேர்ந்த பிறகு 40 பாகைக்கு இறங்கும் வரை இடைக்கிடை கிண்டுங்கள். மருந்தை எந்தச் சூட்டில் போட வேண்டும் என்பது அதன் போத்தலிலேயே இருக்கும்.

தண்ணீரைத் தடிக்க வைக்கிற சாந்தன் கம் தூள் போடுகிறவர்கள் அதை நேரே தண்ணீரில் தூவாதீர்கள், மீன்கண் மாதிரிக் கட்டிகள் வரும், கரையவே கரையாது. முதலில் கிளிசரினில் குழைத்துவிட்டுத் தண்ணீரை விடுங்கள். 100 கிராமுக்கு 0.2, 0.3 கிராம் போதும், கூடினால் மூக்குச்சளி மாதிரி இழுபடும்.

தண்ணீரைப் பற்றி இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்து நிலம் சுண்ணாம்புக்கல், கிணற்றுத் தண்ணீரும் அதனால் கடினநீர், கேத்தலின் அடியைப் பார்த்தாலே தெரியும். ஸ்டியறிக் அசிட்டைச் சவர்க்காரமாக்கிச் செய்கிற கிறீமுக்கு அது ஆகாது, தயிர் மாதிரித் திரிய வைக்கும். காபமர் என்ற தடிப்பாக்கித் தூளில் செய்கிற ஜெல்லோ உப்பு சேரச் சேர இளகும். காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு முழுதாகப் போகாது. பார்மசியில் காய்ச்சி வடித்த நீர் வாங்குங்கள், விலை பெரிதில்லை.

தடிப்புக்காகக் கோன்பிளவர் காய்ச்சி ஊற்றுவதும், வேலியோரக் கற்றாழையை வழித்துப் போடுவதும் கேள்விப்படுகிற விஷயம்தான். மாவும் பச்சைக் கற்றாழையும் கிருமிக்கு நல்ல சாப்பாடு. எங்கள் வெக்கைக்கு அது சில நாளே தாங்கும். தேசிக்காய்ப்புளியும் வேண்டாம், அது பட்ட தோலில் வெயில் அடித்தால் கொப்புளம் போடக்கூடும். விட்டமின் ஈ சேர்த்தால் பழுதாகாது என்பதும் பிழையான கதை, அது எண்ணெய் சிக்கு மணம் அடிப்பதைத் தள்ளிப்போடும், பூஞ்சணத்தை நிறுத்தாது. நன்றாகத் தடித்து நின்ற கிறீம் சில கிழமை கழித்துத் தானாக இளகி, நிறமோ மணமோ மாறினால் பெரும்பாலும் உள்ளே கிருமி வளர்ந்திருக்கிறது. அதைத் திரும்பச் சூடாக்கி மெழுகு சேர்த்துத் திருத்தப் பார்க்காமல் எறிந்துவிடுங்கள், போத்தலையும் சேர்த்து.