நர்சிங் டிப்ளமோ: சேரும் முன்பும் சேர்ந்த பின்பும் நடக்கும் தவறுகள்

முதல் தவறு வகுப்பு தொடங்கும் முன்பே நடந்துவிடுகிறது. பிளஸ் 2 முடித்ததும் ‘ஒரே வருடத்தில் நர்ஸ் ஆகலாம்’ என்ற நோட்டீஸை நம்பிப் பணம் கட்டிவிடுகிறார்கள். அப்படிப்பட்ட நர்சிங் அசிஸ்டென்ட் சான்றிதழை வைத்து மாநில நர்சிங் கவுன்சிலில் செவிலியராகப் பதிவு செய்ய முடியாது. பதிவு இல்லாமல் ஸ்டாஃப் நர்ஸ் வேலையும் இல்லை. பள்ளியில் தொழிற்பிரிவில் நர்சிங் எடுத்தவர்களுக்கும் இதே கதிதான். பதிவு கிடைக்கும் டிப்ளமோ படிப்புகளில் ஜி.என்.எம். (பொது நர்சிங், மகப்பேறு) 3 ஆண்டு, ஏ.என்.எம். (துணைச் செவிலியர், மகப்பேறு) 2 ஆண்டு. கட்டணம் கட்டும் முன், நீங்கள் சேரும் கல்வியாண்டுக்கு அந்தப் பள்ளிக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று இந்திய நர்சிங் கவுன்சில், தமிழ்நாட்டுக் கவுன்சில் இரண்டின் பட்டியலிலும் பாருங்கள். போஸ்டிங் (வார்டில் செய்முறைப் பயிற்சி) எந்த மருத்துவமனையில், அங்கே எத்தனை படுக்கை என்றும் கேளுங்கள். நோயாளிகளே வராத மருத்துவமனையில் கை பழகாது.

அடுத்தது, ரத்தம் வழியே தொற்றும் கல்லீரல் நோயான ஹெப்படைட்டிஸ் பி-க்கான தடுப்பூசி. வார்டு போஸ்டிங் வரட்டும் என்று தள்ளிப்போடுவார்கள். ஆனால் அது 0, 1, 6 மாதம் என்று மூன்று தவணை. முடியவே அரை வருடம் ஆகும். சேர்க்கை உறுதியானதும் முதல் ஊசியைப் போட்டுவிடுங்கள். மூன்றாவது ஊசிக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து எதிர்ப்பொருள் அளவைப் பார்க்க வேண்டும்: மில்லி லிட்டருக்கு 10 மில்லி யூனிட்டுக்குக் குறையக் கூடாது.

தமிழ்வழியில் படித்து வருபவர்கள் ஆங்கிலப் பதில்களை வரிவரியாக மனப்பாடம் செய்கிறார்கள். கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் எல்லாம் போச்சு. சொல்லை உடைத்துப் படிப்பதுதான் வழி: ‘நெஃப்ரோ’ சிறுநீரகம், ‘ஹெப்பட்டோ’ கல்லீரல், ‘ஐட்டிஸ்’ அழற்சி, ‘எக்டமி’ வெட்டி எடுப்பது. எழுத்துக்கூட்டையும் சேர்த்தே படியுங்கள். சிறுகுடலின் கடைசிப் பகுதியும் இலியம், இடுப்பெலும்பும் இலியம். காதுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆங்கிலத்தில் நடுவே ‘ஈ’ வந்தால் (ileum) குடல், ‘ஐ’ வந்தால் (ilium) எலும்பு.

ஆளைக் கொல்லக்கூடிய தவறு கணக்கில் இருக்கிறது. 500 மில்லி டிரிப் 4 மணி நேரத்தில் ஏற வேண்டும் என்றால், அளவைச் சொட்டுக் காரணியால் (ஒரு மில்லிக்கு எத்தனை சொட்டு என்ற எண்) பெருக்கி நிமிடங்களால் வகுக்க வேண்டும். 20 சொட்டு ஒரு மில்லியாகும் டிரிப் செட் (குழாய்) என்றால் 500 × 20 ÷ 240, அதாவது நிமிடத்துக்கு 42 சொட்டு. பலர் இந்த 42-ஐயே மனதில் வைத்துக்கொண்டு, உறையில் 15 என்று அச்சிட்ட செட்டிலும் அப்படியே ஓடவிடுவார்கள். சரியான வேகம் 31. 42-ல் ஓடினால் பாட்டில் 3 மணி நேரத்திலேயே காலியாகிவிடும். இதயம் பலவீனமான நோயாளிக்கு அந்த ஒரு மணி நேரமே நுரையீரலில் நீர் கோக்கப் போதும். ஒவ்வொரு முறையும் உறையைப் படித்த பிறகுதான் கணக்கு.

இன்சுலினில் ஆபத்து இன்னும் அதிகம். நம் ஊரில் மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என இரண்டு வகையும் புழக்கத்தில் இருக்கின்றன. அதனதன் சிரிஞ்சும் வேறு வேறு. 100 யூனிட் மருந்தை 40 சிரிஞ்சில் 10 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட். நோயாளி தாழ்சர்க்கரையில் மயங்கிவிடுவார். மாற்றி 40 மருந்தை 100 சிரிஞ்சில் இழுத்தால் 4 யூனிட்தான் போகும். மருந்துக் குப்பியில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றா என்று வாய்விட்டுப் படித்து, பக்கத்தில் இருப்பவரிடமும் காட்டிவிட்டுத்தான் போட வேண்டும்.

பார்க்காமலே எழுதுவது இன்னொரு கெட்ட பழக்கம். வார்டு முழுக்க எல்லா கேஸ் ஷீட்டிலும் மூச்சு ‘20’ என்றே இருக்கும். நோயாளியின் நிலை மோசமாகும்போது பெரும்பாலும் முதலில் மாறுவது மூச்சு எண்ணிக்கைதான். அதை ஊகித்து எழுதுவது அபாயமணியை நாமே அணைப்பதற்குச் சமம். நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே, நோயாளிக்குத் தெரியாமல் மார்பைப் பார்த்து முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். எண்ணுவது தெரிந்தால் மூச்சு மாறிவிடும். பி.பி. பார்க்கும்போது 5 நிமிடம் உட்கார வைக்காமல், சட்டைக் கையின் மேலேயே பட்டையைச் சுற்றுவதும் இதே ரகம்.

தேர்ச்சிக்கு எழுத்திலும் செய்முறையிலும் தனித்தனியே 50 சதவீதம் வேண்டும். தேர்வு எழுத 80 சதவீத வருகை போதும் என்று கணக்குப் போட்டு லீவு எடுப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: டிப்ளமோ கைக்கு வர, செய்முறைப் போஸ்டிங் 100 சதவீதம் முடிந்திருக்க வேண்டும். தோழிகள் ஊருக்குப் போன பிறகு நீங்கள் மட்டும் விட்ட நாட்களை ஈடுகட்டிக்கொண்டிருப்பீர்கள்.

ஊசி போட்டபின் மூடியைத் திரும்ப மாட்டாதீர்கள். குத்திக்கொள்வது பெரும்பாலும் அப்போதுதான். ஊசி நேராகத் துளைபடாத வெள்ளைப் பெட்டிக்குள் போக வேண்டும். டிரிப் குழாயும் கையுறையும் சிவப்புப் பைக்கு, ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பைக்கு. தப்பித் தவறிக் குத்திவிட்டால் பிதுக்காதீர்கள், விரலை வாயில் வைக்காதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உடனே வார்டு சிஸ்டரிடம் சொல்லுங்கள். திட்டு விழும் என்று இரண்டு நாள் மறைத்த பிறகு வந்து சொல்லும் மாணவிகள் இருக்கிறார்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. குத்திய ஊசி எந்த நோயாளிக்குப் போட்டது என்பதையும் மறக்காமல் குறித்துக் கொடுங்கள். அவருடைய ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துத்தான் மருத்துவர் அடுத்ததைத் தீர்மானிப்பார்.