பாட்டைப் போட்டுவிட்டுப் படத்தை வெட்டாதீர்கள்

போன வாரம் கொடைக்கானல் நாயுடுபுரத்தில் இரண்டு தம்பிகள் தங்கள் குறும்படத்தை லேப்டாப்பில் போட்டுக் காட்டினார்கள். முப்பது நொடிக்குள் எனக்குப் புரிந்துவிட்டது, என் முதல் படத்தில் நான் செய்த அதே தப்பு. மைக்கில் காற்று அடிப்பது, வசனத்தை இசை அமுக்குவது எல்லாம் ஒரு படம் எடுத்தாலே தெரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பிடித்த பாட்டுக்கு எடிட் செய்வது

இசையமைப்பாளர் வரும்வரை தற்காலிகமாக வைக்கும் இசைக்கு டெம்ப் டிராக் என்று பெயர். "அப்புறம் மாத்திக்கலாம்" என்றுதான் எல்லோரும் வைக்கிறோம்.

பூம்பாறையில் மலைப்பூண்டு பயிரிடும் ஒரு பாட்டியைப் பற்றி 11 நிமிடப் படம் எடுத்தேன். எல்லோருக்கும் தெரிந்த பழைய பாட்டு ஒன்றைப் போட்டு, தபேலா விழுகிற இடத்திலெல்லாம் ஒரு கட் வைத்தேன். பாட்டி பூண்டுத் தாள்களைச் சேர்த்துக் கட்டுவார். முடிச்சு இறுகுவதற்குள் கட். நிமிர்ந்து பார்ப்பார். பார்வை நம்மிடம் வந்து சேர்வதற்குள் கட். பார்த்தவர்கள் கண்கலங்கினார்கள். நானும் நம்பிவிட்டேன்.

ஒரு திரைப்பட விழாவுக்கு அனுப்பியபோது பாட்டுக்கு அனுமதிக் கடிதம் கேட்டார்கள். இரண்டு அனுமதி வேண்டும் என்பதே அப்போதுதான் தெரிந்தது. வரிக்கும் மெட்டுக்கும் ஒன்று, பதிவான ஒலிக்கு இன்னொன்று. வேறு ஆளைப் பாடவைத்துப் பதிவு செய்தாலும் முதல் அனுமதி இல்லாமல் முடியாது. பழைய பாட்டுதானே என்றும் விட முடியாது. நம் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு, வெளியான பிறகு 60 ஆண்டு உரிமை உண்டு. வரிக்கும் மெட்டுக்கும் அவற்றைப் படைத்தவர் காலமான பிறகு 60 ஆண்டு.

நம் குணா குகையில் நடக்கும் கதைதான் 'மஞ்சும்மல் பாய்ஸ்'. 1991இல் வந்த 'குணா' படப் பாட்டு அதில் கதையோடு கலந்தது, அது இல்லாமல் அந்தப் படம் இல்லை. அதற்கே 2024இல் இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போனது. உரிமை வைத்திருந்த நிறுவனங்களிடம் அனுமதி வாங்கியிருப்பதாகத் தயாரிப்புத் தரப்பு சொன்னது. என் படத்துக்கு அந்தப் பாட்டு தேவையே இல்லை. சும்மா போட்டேன்.

இன்றும் எனக்கு ஆறாதது அனுமதி விஷயம் இல்லை. பாட்டை எடுத்த பிறகு படத்தைப் பார்த்தேன். எல்லா ஷாட்டும் ஒன்றரை நொடி. பாட்டியைக் காணோம். இசையமைத்த நண்பரிடம் "அதே மாதிரி வேணும்" என்று கேட்டு அவருடைய நான்கு நாளையும் வீணாக்கினேன். கணினியில் இடம் போதவில்லை என்று ரஷ்ஷை, அதாவது வெட்டாத முழுப் படப்பதிவை, ஏற்கெனவே அழித்திருந்தேன். மறுபடி பூம்பாறைக்குப் போனபோது பூண்டு எடுப்பு முடிந்திருந்தது. அந்த முடிச்சு இறுகுவதை இனி யாரும் பார்க்க முடியாது.

சரி, எப்படிச் செய்வது? முதல் வெட்டைச் சத்தமே இல்லாமல் செய்யுங்கள். அப்புறம் அந்த இடத்துச் சத்தத்தை மட்டும் சேருங்கள். அதற்குப் பிறகும் ஓரிடம் காலியாகத் தெரிந்தால் அங்கேதான் இசை. இசையமைப்பாளரிடம் அந்தக் காட்சியில் யார் என்ன நினைக்கிறார் என்று சொல்லுங்கள், வேறு பாட்டைப் போட்டுக் காட்டாதீர்கள். ஆடிப் பாடும் காட்சி மட்டும் வேறு. அதற்குப் பாட்டு முதலில், படப்பிடிப்பு பிறகு.

மலையின் சத்தத்தை எடுக்காமல் வருவது

ஒவ்வொரு இடத்திலும் எல்லோரும் வாயை மூடி ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். பைன் காட்டில் காற்று ஒரே நீளமாக இரையும். சோலைக்குள் பனி இலையிலிருந்து சொட்டுவது தனியாகக் கேட்கும். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட்டால் இங்கே வளர்ந்தவர்களுக்கு உடனே தெரியும்.

பனிமூட்டம் வந்தால் புல்லாங்குழல்

வேண்டாம்.

இணையத்தில் "இலவசம்" என்று இருப்பதை நம்புவது

உரிமக் குறிப்பை முழுதாகப் படியுங்கள். இறக்கிய நாளிலேயே அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

தம்பிகளின் படத்தைச் சத்தத்தை நிறுத்திவிட்டு இன்னொரு தடவை ஓட்டினேன். நாலாவது ஷாட்டில் சின்னவன், "அண்ணே, இது இன்னும் கொஞ்சம் ஓடியிருக்கலாமே" என்றான். ரஷ் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறதாம். சனிக்கிழமை உட்காருகிறோம்.