கார்னகி போர்ட்டர்: பாட்டில் வாங்குறதுல இருந்து மும்மா கலக்குற வரைக்கும்

ஸ்வீடன்ல இருக்கீங்க, இல்ல அந்தப் பக்கம் போகப் போறீங்க, அந்த ஊர் கருப்பு பீர் ஒண்ணையாவது முறையா குடிச்சுப் பாக்கணும்னு ஆசை, ஆனா எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியலயா? கார்னகி போர்ட்டர்ல ஆரம்பிங்க, போர்ட்டர்னா கருக வறுத்த தானியத்துல செய்யற ஒரு கருப்பு பீர் வகை. பழசுங்கறதுக்காக மட்டும் சொல்லல, இன்னைக்கும் கடையில சாதாரணமா கிடைக்குது, விலையும் கையைக் கடிக்காது.

குடிக்கிறதுக்கு முன்னாடி கொஞ்சம் கதை. ஸ்வீடன்ல கோத்தன்பர்க் துறைமுகத்துப் பக்கம் கிளிப்பன்னு ஒரு இடம். ஹாம்பர்க்ல இருந்து வந்த லோரென்ட்ங்கறவர் அங்க சக்கரை ஆலையும் போர்ட்டர் ஆலையும் வச்சிருந்தார், அவர் செத்தப்புறம் 1836ல டேவிட் கார்னகி அதை வாங்கினார். இவர் ஸ்காட்லாந்து குடும்பம். 1746ல ஸ்காட்லாந்துல பிரிட்டிஷ் அரசுப் படைகிட்ட கல்லோடன் சண்டையில தோத்துட்டு தப்பி ஓடி வந்த ஜார்ஜ் கார்னகிதான் இந்தக் குடும்பத்துல முதல்ல கோத்தன்பர்க்ல வியாபாரம் ஆரம்பிச்சவர், அவங்க தோத்தது ஸ்வீடன்காரங்களுக்கு லாபமாப் போச்சு. இன்னும் புழக்கத்துல இருக்கிற ஸ்வீடிஷ் ட்ரேட்மார்க்லயே இந்த கார்னகி போர்ட்டர்தான் பழசுன்னு சொல்வாங்க. இப்போ பிராண்டு டென்மார்க் பீர் கம்பெனியான கார்ல்ஸ்பெர்க் கையில, கிளிப்பன்ல பழைய ஆலைக் கட்டடம் ஹோட்டல் ஆயிடுச்சு.

எனக்குப் பிடிச்ச பகுதி அதுக்கப்புறம் வர்றதுதான். 1922ல முழு மதுவிலக்கு வேணுமான்னு நாடு முழுக்க ஓட்டெடுப்பு நடத்தி, நூலிழையில வேணாம்னு முடிஞ்சுது, ஆனாலும் ஸ்ட்ராங் பீரை மட்டும் விடல, 1920கள்ல இருந்து 1955 வரைக்கும் அதை வெளியில விக்கக் கூடாது, டாக்டர் சீட்டு இருந்தா மெடிக்கல் ஷாப்ல வாங்கிக்கலாம். போர்ட்டர் அப்படித்தான் மருந்துக் கணக்குல தாக்குப் பிடிச்சுது. அந்த காலத்துல எத்தனை பேருக்கு திடீர்னு உடம்பு சரியில்லாம போச்சோ தெரியல!

சரி, வேலைக்கு வருவோம்.

படி 1: வாங்குறது

சூப்பர் மார்க்கெட்ல கிடைக்கிறது 3.5 சதவீதம், ஏன்னா அதுக்கு மேல ஆல்கஹால் இருந்தா சூப்பர் மார்க்கெட்ல விக்க முடியாது, அரசாங்கக் கடையான சிஸ்டம்போலாகெட்லதான் வாங்கணும். நமக்கு வேண்டியது 5.5 சதவீதம் உள்ள ஸ்டார்க் போர்ட்டர், அதனால நேரா அந்தக் கடைக்கே போங்க. 20 வயசு ஆகியிருக்கணும், ஐடி கேப்பாங்க. சனிக்கிழமை மதியம் 3 மணிக்கே மூடிடுவாங்க, ஞாயிறு லீவு, வார்டு கவுன்சிலரைத் தெரியும்னு சொன்னாலும் நடக்காது. லேபிள்ல வருஷம் போட்டிருக்கும், அதைப் பாத்து ரெண்டு பாட்டில் சேர்த்தே எடுங்க, ஏன்னு படி 4ல சொல்றேன்.

படி 2: குளிர்

நம்மாளுங்க பெரும்பாலும் சொதப்புறது இங்கதான். பீர்னா ஐஸ் மாதிரி இருக்கணும்னு ஃப்ரீஸர்ல தள்ளிடுறாங்க. அவ்வளவு குளிர்ல நாக்கு மரத்துப் போய் வெறும் கசப்பு மட்டும்தான் தெரியும். ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்து ஒரு அரை மணி நேரம் மேசை மேல வைங்க, 10ல இருந்து 14 டிகிரிக்குள்ள இருந்தா போதும்.

படி 3: ஊத்துறது, குடிக்கிறது

வாய் கொஞ்சம் குறுகின கிளாஸ் எடுத்து, சாய்ச்சுப் பிடிச்சு ஓரமா ஊத்துங்க, பாதிக்கு மேல வந்ததும் நிமித்திடுங்க, மேல காபி பால் நிறத்துல நுரை நிக்கும். உடனே குடிக்காம மூக்கைக் கொண்டு போங்க: வறுத்த காபிக்கொட்டை, டார்க் சாக்லேட், பின்னாடி கருப்பட்டிப் பாகு கொஞ்சம் தீஞ்ச மாதிரி ஒரு வாசனை. மால்ட்டை, அதாவது முளைகட்டிக் காய வச்ச பார்லியை, நல்லா கருக வறுக்கறதாலதான் இந்த நிறமும் மணமும், சாயம் எதுவும் இல்ல. சின்னச் சின்ன வாயா குடிங்க, சூடு ஏற ஏற இனிப்பு மேல வரும். தொட்டுக்க கிரெபஸ்டாட்ங்கற ஊர் பக்கத்துல எடுத்த, வேக வைக்காத சிப்பி கிடைச்சா விடாதீங்க, அந்த மேற்குக் கரைப் பக்கம் சிப்பியும் போர்ட்டரும் பேர் போன ஜோடி, சிப்பியோட உப்பும் இந்தக் கசப்பும் அப்படிச் சேருது.

படி 4: எடுத்து வைக்கிறது

ரெண்டாவது பாட்டிலை நிமித்தி, வெளிச்சம் படாத குளிர்ச்சியான இடத்துல வச்சுட்டு மறந்துடுங்க. எங்கேயும் கிடைக்கிற சாதாரண பீர் வகையான லாகர் பழசானா நமுத்த அட்டை வாசம் வந்துடும், இது அப்படியில்ல, சில வருஷத்துல கசப்பு அடங்கி ஒயின் மாதிரி ஒரு குணம் வரும். பழைய வருஷ பாட்டிலையும் புது பாட்டிலையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் குடிக்கிற ஆளுங்க அங்க நிறைய.

படி 5: மும்மா

கிறிஸ்துமஸ் சமயத்துல யூல்பூர்டுனு பெரிய விருந்து போடுவாங்க, ஹாம், ஊறவச்ச ஹெர்ரிங் மீன், மீட்பால் எல்லாம் இருக்கும், அதோட குடிக்கிற கலவைதான் மும்மா. வீட்டுக்கு வீடு அளவு மாறும், ஆரம்பிக்கிறவங்களுக்கு இது சரி வரும்: போர்ட்டர் 33 சென்டிலிட்டர், டார்க் லாகர் 50, சொக்கர்ட்ரிக்கான்னு ஒரு ஸ்வீட் சோடா 33, மதைராங்கற ஸ்ட்ராங்கான போர்ச்சுகல் ஒயின் 5. மதைரா இல்லன்னா ஜின், அதுவும் இல்லன்னா விட்டுடுங்க. சோடா கிடைக்கலன்னா ஸ்ப்ரைட் ஓகே.

இதுக்கு மட்டும் எல்லாமே ஃப்ரிட்ஜ்ல நல்லா குளிர்ந்திருக்கணும். 2 லிட்டர் ஜக் எடுங்க, சின்ன ஜக்ல ஊத்தினா நுரை பொங்கி மேசை பூரா ஓடிடும். முதல்ல மதைரா, அப்புறம் போர்ட்டர், அப்புறம் லாகர், கடைசியா சோடா, எல்லாம் ஓரமா மெதுவா. கரண்டி போட்டுக் கலக்காதீங்க, கேஸ் போயிடும். ஐஸும் வேண்டாம். சாப்பிட உக்காந்தப்புறம் கலக்கினா போதும், முன்னாடியே செஞ்சு வச்சா சப்புன்னு ஆயிடும். இனிப்பா இருக்கேன்னு ஜூஸ் மாதிரி இழுத்துடாதீங்க, கணக்குப் போட்டா 4 சதவீதத்துக்கு மேலயே நிக்குது.

குடிக்காதவங்களுக்கும் பசங்களுக்கும் யூல்மஸ்ட் இருக்கு, 1910ல ஒரேப்ரோ ஊர்ல பீருக்குப் பதிலா இருக்கட்டும்னு கண்டுபிடிச்ச கருப்பு சோடா, டிசம்பர்ல அங்க கோக்கே இதுக்கு முன்னாடி திணறும். பீர் பாட்டில்ல போர்ட்டர் கொஞ்சம் மிச்சம் இருந்தா கொட்டாதீங்க, மாட்டுக்கறியை வெங்காயத்தோட வதக்கி இதை ஊத்தி சின்ன தீயில ரெண்டு மணி நேரம் வேக விடுங்க, உப்பு மட்டும் கடைசியில பாத்துப் போடுங்க.