மத்தேயு 24-ஐ வீட்டுக் கூட்டத்தில் சண்டை வராமல் வாசிப்பது எப்படி?

சேலம் பக்கம் ஒரே குடும்பத்தில் மாமா சிஎஸ்ஐ, சித்தி ஆர்சி, மருமகன் பெந்தெகொஸ்தே என்று இருப்பது ஒன்றும் அதிசயமில்லை. அஸ்தம்பட்டியிலோ சூரமங்கலத்திலோ ஒரு வீட்டு ஹாலில் எல்லோரும் உட்கார்ந்து, எருசலேம் ஆலயம் இடிவதையும் தம் வருகையையும் பற்றி இயேசு பேசும் மத்தேயு 24-ஐத் திறந்தால், கொஞ்ச நேரத்தில் ஒருவர் ‘இரகசிய வருகை’ (இயேசு வந்து சபையை முதலில் எடுத்துக்கொள்வது) என்பார், இன்னொருவர் ‘அது எந்த வசனத்தில் இருக்கு?’ என்பார், அப்புறம் காபி ஆறிப்போகும்.

முதலில் மத்தேயு 24, மாற்கு 13, லூக்கா 21 மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஆளுக்கொரு சுவிசேஷமாக சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். பழைய மொழிபெயர்ப்போ திருவிவிலியமோ, எதுவானாலும் சரி. சீஷர்கள் என்ன கேட்டார்கள் என்பதில் நிறுத்துங்கள். மாற்கிலும் லூக்காவிலும் ஆலயம் இடிவது எப்போது, அதற்கு அடையாளம் என்ன என்பதுதான் கேள்வி. மத்தேயுவில் மட்டும் இயேசுவின் வருகையும் உலக முடிவும் சேர்ந்து வருகின்றன. பாதிச் சண்டை இங்கேதான் பிறக்கிறது.

இது எல்லாம் அன்றைக்கே நடந்துவிட்டதா, இனிமேல்தானா, இரண்டும் கலந்ததா என்பதில் மூன்று கட்சி உண்டு. அப்புறம் ஒவ்வொரு கட்சியிடமும் ‘உங்களுக்குக் கஷ்டமான வசனம் எது?’ என்று கேளுங்கள். பலமான வசனத்தை எல்லோரும் கேட்காமலே சொல்லிவிடுவார்கள்.

கி.பி. 70-இல் தீத்துவின் ரோமப் படை ஆலயத்தை அழித்ததோடு பெரும்பாலும் நிறைவேறிவிட்டது என்பவர்கள், ‘இந்தச் சந்ததி ஒழிந்துபோகாது’ என்ற 34-ஆம் வசனத்தையும், எருசலேமைச் சேனைகள் சூழும் என்ற லூக்கா 21:20-ஐயும் காட்டுவார்கள். மலைகளுக்கு ஓடச் சொன்னது யூதேயாவில் இருப்பவர்களைத்தான், சேலத்துக்காரர்களை ஏற்காட்டுக்கு ஏறச் சொல்லவில்லை என்பதில் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் மனுஷகுமாரன் மேகங்கள்மேல் வருவதும் தூதர்கள் தெரிந்துகொள்ளப்பட்டவர்களைக் கூட்டிச் சேர்ப்பதும்? பாபிலோனின் வீழ்ச்சியைச் சொல்லும் ஏசாயா 13-லும் சூரியன் இருளடைகிறதே, இது தீர்க்கதரிசிகள் பேசும் விதம் என்பார்கள். யோசிக்க வேண்டிய பதில், ஆனால் எனக்கு முழுசாகத் திருப்தி இல்லை.

எல்லாம் இனிமேல்தான் என்பவர்களுக்கு 34-ஆம் வசனம்தான் முள். சபை முதலில் எடுத்துக்கொள்ளப்படும், பிறகு உபத்திரவ காலம் என்ற வரிசை 19-ஆம் நூற்றாண்டில் ஜான் நெல்சன் டார்பி என்ற போதகராலும், 1909-இல் வந்த ஸ்கோஃபீல்டு வேதாகமத்தின் குறிப்புகளாலும் உலகெங்கும் பரவியது. அதற்கு முக்கிய ஆதாரம் 1 தெசலோனிக்கேயர் 4, இந்த அதிகாரம் அல்ல. ‘ஒருவன் ஏற்றுக்கொள்ளப்படுவான், ஒருவன் கைவிடப்படுவான்’ என்ற வசனத்தைக் காட்டினால், அதற்கு முந்தின வரிகளையும் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள்: நோவா காலத்தில் வெள்ளம் வாரிக்கொண்டு போனது நோவாவை அல்ல. அத்திமரம் என்றால் 1948-இல் உருவான இஸ்ரவேல் என்று யாராவது சொன்னால் லூக்கா 21:29-ஐத் திறவுங்கள். அங்கே ‘மற்றெல்லா மரங்களையும்’ பார்க்கச் சொல்கிறார்.

கொஞ்சம் அன்றைக்கு, மீதி இனிமேல் என்பது மூன்றாவது கட்சி. சிஎஸ்ஐ, ஆர்சி ஆட்கள் நிறைய பேர் இங்கேதான் நிற்பார்கள். கேட்க இதமாக இருக்கும். எந்த வசனத்தில் காலம் மாறுகிறது என்று கேளுங்கள். ஒருவர் 29 என்பார், இன்னொருவர் 36 என்பார். சொல்ல முடியாதவர் இன்னும் உட்கார்ந்து வாசிக்கவில்லை என்று அர்த்தம்.

தேதி சொல்ல ஆரம்பிப்பவரோடு வாதாட வேண்டாம். அந்த நாளை ஒருவரும் அறியார் என்ற 36-ஆம் வசனத்தை அவரையே வாசிக்கச் சொல்லுங்கள். அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற பிரசங்கியாரைப் பின்பற்றியவர்கள் இயேசு வரும் நாள் 1844 அக்டோபர் 22 என்று குறித்துக் காத்திருந்தார்கள். அமெரிக்க வானொலிப் பிரசங்கியார் ஹரால்டு கேம்பிங் 2011 மே 21 என்றார். இரண்டு நாளும் மற்ற நாள் மாதிரியே போயின.

25-ஆம் அதிகாரத்தை அன்றைக்கே தொடாதீர்கள். பத்துக் கன்னிகைகளும் தாலந்துகளும் அதே பேச்சின் தொடர்ச்சிதான், ஆனால் ஒன்பதரைக்கு மேல் போனால் ஏற்காடு அடிவாரத்துப் பக்கம் திரும்ப வேண்டியவர்களுக்குப் பஸ் கிடைப்பது கஷ்டம்.